நல்லி வாங்கப் போன இடத்தில்

வெள்ளை வெளேரென்ற குளியல் தொட்டி ஒன்றுக்குள், கட்டிய புடவையோடு, கைப்பையை வயிற்றின்மேல் வைத்துக்கொண்டு நான் மல்லாந்து படுத்திருந்தேன். தொட்டியில் ஒரு சொட்டுத் தண்ணீர் கிடையாது. தலைக்கு மேலே கண்ணைக் கூசவைக்கும் விளக்குகள். எங்கோ ஒரு ஸ்பீக்கரில் புல்லாங்குழல் ஊதிக்கொண்டிருந்தது. நல்ல பகல் பதினொரு மணி. இடம், குளியலறைச் சாமான்கள் விற்கும் ஒரு பெரிய ஷோரூம்.

என் வீட்டுக்காரர் தொட்டியைச் சுற்றி மூன்று முறை நடந்தார். வழியில் கிடந்த ஒரு பிளாஸ்டிக் முக்காலியை ஒவ்வொரு முறையும் காலால் ஒதுக்கிவிட்டு நடந்தார். ஃபேக்டரியில் ஃபோர்மேனாக இருந்து ரிட்டையர் ஆனவர். எந்த மெஷின் நின்றுபோனாலும் முதலில் அதைச் சுற்றி மூன்று தடவை நடப்பது அவர் வழக்கம். அன்றைக்கு நின்றுபோன மெஷின் நான்.

"இன்னா டீச்சர், எந்திரிக்க வர்லியா?"

"வர்ல."

"முட்டியா?"

"பின்ன மூக்கா?"

 விற்பனைப் பெண் காவ்யா, என்னையும் அவரையும் மாறி மாறிப் பார்த்துக்கொண்டு கையைப் பிசைந்தாள்.

இந்த இடத்துக்கு நான் எப்படி வந்து சேர்ந்தேன் என்பதைச் சொல்லியாக வேண்டும். போன அத்தியாயத்தில் எங்கள் சமையலறைச் சண்டையைப் படித்துவிட்டு, ‘டீச்சர், உங்கள் வீட்டுக்காரர் பாவம்’ என்று ஒரு வாசகி எழுதியிருக்கிறார். இதையும் படித்துவிட்டுச் சொல்லட்டும்.

ஐந்துக்கு ஏழு

பெங்களூர் காக்ஸ் டவுனில் எங்கள் வீடு பழையது, சின்னது. அதில் ஒரே ஒரு குளியலறை. ஐந்தடிக்கு ஏழடி. தரை வழுக்கும், குழாய் ஒழுகும், கதவு மழைக்காலத்தில் சாத்தாது, வெயில் காலத்தில் திறக்காது. முப்பது வருஷமாக அதோடு குடித்தனம் நடத்தி வந்தோம்.

பிறகு என் இடது முட்டி மக்கர் பண்ணியது. டாக்டர் படம் எடுத்துப் பார்த்துவிட்டு, மாற்றித்தான் ஆக வேண்டும் என்று நாள் குறித்துக் கொடுத்தார். வைட்ஃபீல்டில் இருக்கும் எங்கள் மகன் அருண் உடனே கட்டளை போட்டான். "மா, ஆபரேஷனுக்கு முன்னாடி பாத்ரூமை மாத்திடணும். வழுக்காத டைல்ஸ், புடிச்சிக்க கம்பி, உக்காந்து குளிக்கிற மாதிரி ஷவர். ஓல்டு பீப்பிளுக்கு அதான் சேஃப்."

ஓல்டு பீப்பிளாம். அந்த வார்த்தைக்காகவே அவனிடம் இரண்டு நாள் பேசவில்லை. மூன்றாம் நாள் பேசினேன். பேசியது ஒரே விஷயம்.

"எனக்குக் குளியல் தொட்டி வேணும்."

 "அப்பாகிட்ட குடு" என்றான்.

எக்சர்சைஸ் சொல்லித்தர வந்த பெண்ணிடமும் கேட்டுப் பார்த்தேன். சிரித்துக்கொண்டே தலையை ஆட்டினாள். "புது முட்டி வெச்சப்புறம் தொட்டிக்குள்ள ஏறி எறங்கறதெல்லாம் மறந்துடுங்க ஆன்ட்டி." அதாவது இப்போது இல்லை என்றால் இந்த ஜென்மத்தில் இல்லை. எங்கள் பைபிளிலோ அடுத்த ஜென்மம் என்ற வசதியும் கிடையாது.

என் வீட்டுக்காரரின் கவலை வேறு. எங்கள் தெருவில் காவேரித் தண்ணீர் ஒருநாள் விட்டு ஒருநாள்தான் வரும். கோடை வந்தால் அதுவும் சந்தேகம், லாரிக்குக் காத்திருக்க வேண்டும். "நீ ஒரு தடவ படுத்து எந்திரிச்சா பதினஞ்சு பக்கெட் காலி. அதுக்கப்புறம் நான் விபூதியா பூசிக்கிறது?" என்றார். நாங்கள் விபூதி பூசுகிறவர்கள் இல்லை. ஆத்திரத்தில் அவருக்கு மதம் மறந்துவிடும்.

அளவெடுக்க வந்த பிளம்பர் பாஷா பாய்க்கும் தொட்டி பிடிக்கவில்லை. டேப்பை இழுத்து, சுருட்டி, மறுபடி இழுத்தார். "வெக்கலாம் மேடம். கதவ வெளிப்பக்கம் தெறக்கற மாதிரி மாத்தினா வெக்கலாம். ஆனா டப் வெச்சா பக்கெட் வெக்க எடமில்லையே. அப்பறம் எப்டி குளிப்பீங்க?" உண்மையான அக்கறையோடு கேட்டார்.

நல்லி என்றால் என்ன?

இங்கே ஒரு பழைய கதையைச் சொல்லாமல் மேலே போக முடியாது.

நான் தங்கவயலில் பிறந்து பெங்களூரில் வேலைக்கு வந்தவள். எங்களுக்குத் தண்ணீர்க் குழாய் என்றால் நல்லி. கன்னடத்திலிருந்து எப்போதோ எங்கள் வாயில் ஒட்டிக்கொண்ட சொல். அது வேற்றுமொழி என்றே எனக்குக் கல்யாணம் ஆகும்வரை தெரியாது.

அவர் ஆம்பூர்க்காரர். ஆம்பூரில் நல்லி என்றால் எலும்பு. உள்ளே மஜ்ஜை இருக்கும், உறிஞ்சிச் சாப்பிடுகிற எலும்பு. அதற்கு வேறு அர்த்தம் இருக்க முடியும் என்பது ஆம்பூர்க்காரர்களுக்குத் தோன்றாது.

கல்யாணமான புதிதில் ஒருநாள், சமையலறைக் குழாய் கையோடு கழன்று வந்துவிட்டது. துணியைச் சுற்றி அடைத்துவிட்டு, வேலைக்குக் கிளம்பியவரிடம், "வரும்போது நல்லதா ஒரு நல்லி வாங்கிட்டு வாங்க. கேரண்டி கேட்டு வாங்குங்க" என்றேன். புது மாப்பிள்ளை, மறு பேச்சுப் பேசவில்லை. சாயங்காலம் பிரேசர் டவுனில் இறங்கி, கறிக்கடையில் நின்று, கேரண்டி கேட்டிருக்கிறார். கடைக்காரர் எதற்குக் கேரண்டி என்று விசாரித்தாராம். "வூட்ல கேட்டாங்க" என்றாராம். நல்லதாகப் பார்த்து ஆறு நல்லி வெட்டிக் கொடுத்துவிட்டு, "மூணு விசில் வரைக்கும் கேரண்டி" என்று அனுப்பி வைத்திருக்கிறார்.

வீட்டில் அடைத்த துணியையும் தள்ளிக்கொண்டு குழாயிலிருந்து தண்ணீர் பீய்ச்சிக்கொண்டிருக்கிறது. வாசலில் மந்தாரை இலைப் பொட்டலத்தோடு இவர் நிற்கிறார். "இது எதுக்குங்க?" என்றேன். "நீதான கேட்ட" என்றார். அன்றைக்குச் சூப்பு நன்றாகத்தான் இருந்தது. முழங்கால் தண்ணீரில் நின்றுகொண்டு குடித்தோம். முழங்கால் என்பது கொஞ்சம் மிகை. கணுக்கால்.

அன்றிலிருந்து குழாய் சம்பந்தமான எந்தப் பேச்சு வந்தாலும், "எந்த நல்லி, சமைக்கிறதா, திருகறதா?" என்று கேட்காமல் அவர் வாசல் தாண்டமாட்டார். அருண் சின்னப் பிள்ளையாக இருந்தபோதே அவனுக்கும் இதைச் சொல்லிக் கொடுத்துவிட்டார். அப்பனும் பிள்ளையும் சேர்ந்து என் தாய்மொழியைக் கிண்டல் பண்ணுவார்கள்.

சிங்கக்கால்

தொட்டி ஆசை எனக்கு எங்கிருந்து வந்தது என்று நீங்கள் கேட்கலாம். தண்ணீர்ப் பஞ்ச ஊரில் உட்கார்ந்துகொண்டு இவளுக்கு ஏன் இந்தக் கொழுப்பு என்றுகூடக் கேட்கலாம். அருண் கிட்டத்தட்ட அப்படித்தான் கேட்டான்.

தங்கவயலில் அப்பா சுரங்கத்துக்குள் வேலை பார்த்தார். அம்மா ஓர் இன்ஜினியர் பங்களாவில் வீடு பெருக்கித் துடைக்கப் போவாள். எங்கள் லைன் வீடுகளுக்கெல்லாம் சேர்த்துத் தெருவில் ஒரே நல்லி. ஆளுக்கு இரண்டு குடம். அதிலேயே குளியல், சமையல், எல்லாம். பள்ளிக்கூடம் இல்லாத நாட்களில் அம்மாவோடு நானும் பங்களாவுக்குப் போவேன்.

அங்கே குளியலறையில் ஓர் இரும்புத் தொட்டி இருந்தது. உள்ளே பால் வெள்ளைப் பூச்சு. கீழே சிங்கத்தின் பாதம் போல நாலு கால். நகம்கூட இருந்தது. அம்மா அதைத் தேய்த்துக் கழுவித் துணியால் ஒற்றி எடுப்பாள். அதற்குள் யாராவது குளித்து நான் பார்த்ததில்லை.

எட்டு வயது இருக்கும். அம்மா பின்கட்டில் துணி காயப் போட்டுக்கொண்டிருந்த நேரம், நான் தொட்டிக்குள் ஏறிப் படுத்துவிட்டேன். வெளியே வெயில். உள்ளே ஜில்லென்று இருந்தது. அப்படியே தூங்கிப்போனேன்.

பங்களாக்கார அம்மாதான் எழுப்பினார். திட்டவே இல்லை. "எழுந்திரு கண்ணு" என்று கையைப் பிடித்துத் தூக்கிவிட்டு, ஒரு கிரீம் பிஸ்கெட் கொடுத்தார். பிறகு அம்மாவைக் கூப்பிட்டு, அதே மெல்லிய குரலில், "தொட்டியை இன்னொரு தடவை கழுவிடு" என்றார்.

அம்மா இன்னொரு தடவை கழுவினாள். சோடா மாவு போட்டுக் கழுவினாள். நான் வாசற்படியில் உட்கார்ந்து அந்தப் பிஸ்கெட்டைத் தின்றுகொண்டிருந்தேன். தின்றேன் என்பதுதான் இன்றைக்கும் எனக்கு ஆத்திரம்.

வீட்டுக்குப் போகும் வழியில் அம்மா அதைப் பற்றி ஒரு வார்த்தை பேசவில்லை. பிறகும் பேசியதில்லை. நானும் இத்தனை வருஷத்தில் இந்தக் கதையை இவரிடம் ஒரே ஒரு தடவைதான் சொல்லியிருக்கிறேன். அப்போது அவர் ஸ்கூட்டரின் ஸ்பார்க் பிளக்கைத் தேய்த்துக்கொண்டிருந்தார். "ம்" என்றார். காதில் வாங்கினாரா என்றே எனக்குத் தெரியவில்லை.

ஒரு பந்தயம்

இப்போது ஷோரூமுக்கு வருவோம்.

காவ்யா ஹாசன் பக்கத்துப் பெண். பெங்களூரில் கற்றுக்கொண்ட தமிழ். எங்களைப் பார்த்ததும் குழாய்கள் பக்கம் அழைத்துப் போனாள். கறுப்புக் குழாய், ரோஜாப்பூ நிறக் குழாய், கையை நீட்டினால் தானாக ஊற்றும் குழாய். ஒன்றைத் திறக்க நான் மேலே அழுத்தினேன், கீழே அழுத்தினேன், பக்கவாட்டில் இழுத்தேன். கடைசியில் அது குழாயே இல்லை, துண்டு மாட்டுகிற கொக்கி என்றாள்.

இவருக்கு நிறமெல்லாம் முக்கியமில்லை. ஒவ்வொரு குழாயையும் கையில் வாங்கி எடை பார்த்தார். விரல் முட்டியால் தட்டி, காதருகே வைத்துக் கேட்டார். "இது பித்தள. இது வெறும் மினுக்கு, உள்ள ஒண்ணுமில்ல. இது தேறும்." பக்கத்தில் வாஷ்பேசின் பார்த்துக்கொண்டிருந்த ஓர் இளம் ஜோடி, இவரைக் கம்பெனி ஆள் என்று நினைத்து, "சார், இதையும் கொஞ்சம் தட்டிப் பாருங்க" என்று ஒரு குழாயை நீட்டினார்கள். அவர் தட்டிப் பார்த்து, "வேணாம்" என்றார். காவ்யாவின் முகம் வாடிவிட்டது.

நான் அதற்குள் தொட்டிகள் இருந்த மூலைக்குப் போய்விட்டேன். நாலைந்து இருந்தன. நடுவில் இருந்ததற்குக் காலில்லை, நகமில்லை. ஆனால் உள்ளே அதே பால் வெள்ளை. விளிம்பைத் தடவிப் பார்த்தேன்.

இவர் பின்னால் வந்து நின்றார். நான் சண்டைக்குத் தயாராகத்தான் திரும்பினேன். அவர் சண்டை போடவில்லை. "சரி, ஒரு பந்தயம்" என்றார். "நீயா உள்ள ஏறி, நீயா எறங்கி வா. யாரும் கை குடுக்கக் கூடாது. வந்துட்டன்னா வாங்கிடலாம். தண்ணிக்கு நான் பாத்துக்கறன். வர முடியலன்னா இதோட பேச்ச விட்டுடணும். நீ வழுக்கி வுழுந்தா என்னால தாங்க முடியாது."

நியாயமான பந்தயம். ஒத்துக்கொண்டேன். செருப்பைக் கழற்றினேன். விளிம்பைப் பிடித்து, நல்ல காலை முதலில் வைத்து, கெட்ட காலை இழுத்து, உட்கார்ந்து, சாய்ந்துவிட்டேன். சுலபமாகத்தான் இருந்தது.

எழுந்திருப்பதுதான் ஆகவில்லை. வலப்பக்கம் புரண்டேன். இடப்பக்கம் புரண்டேன். இரண்டு விளிம்பையும் பிடித்து எம்பினேன். வழவழவென்று இருந்த தொட்டி என்னைத் திரும்ப உள்ளே வாங்கிக்கொண்டது. முட்டி ஊசி குத்துவது போல வலித்தது.

"செக்யூரிட்டி அண்ணாங்கள கூப்டறேன் ஆன்ட்டி. ரெண்டு பேர் பந்து தூக்கிடுவாங்க" என்றாள் காவ்யா. அவசரத்தில் அவளுக்கு வந்து என்பது கன்னடத்தில் பந்து ஆகிவிட்டது.

"ஒண்ணும் வேணாம். ரெண்டு ஆம்பளைங்க வந்து என்னைத் தூக்கறதுக்கு நான் இங்கயே இருந்துடறேன். ஒரு பிரைஸ் டேக் ஒட்டிடு."

வாய்தான் பேசியது. உள்ளே எனக்கு அழுகை முட்டிக்கொண்டு வந்தது. வலியால் இல்லை. தோற்றுவிட்டேன், அவ்வளவுதான். இனிமேல் கிடையாது. கண்ணாடியைக் கழற்றிப் புடவைத் தலைப்பால் துடைக்கிற மாதிரி முகத்தை மறைத்துக்கொண்டேன்.

அப்போதுதான் அவர் சுற்றி நடந்தார். மூன்று முறை.

எடை குறைக்கும் வித்தை

நடந்து முடித்துவிட்டுத் தொட்டியின் தலைமாட்டில் இருந்த குழாயைத் தட்டிப் பார்த்தார். "ஏம்மா, இந்த நல்லியில தண்ணி வருமா?"

"ஹௌது சார், வரும். இது லைவ் டிஸ்ப்ளே. சுடுதண்ணி கூட வரும்."

"அடப்ப மூடிட்டுத் தெற."

"சார், ஆன்ட்டி உள்ள இருக்காங்க."

"தெரியுது. அதான் தெறக்கச் சொல்றன். தண்ணி நெறஞ்சா ஆளு எடை கொறையும். கொறஞ்சா தூக்கறது ஈஸி. இவங்க சயின்ஸ் டீச்சர், வேணுன்னா கேட்டுக்கோ."

காவ்யா என்னைப் பார்த்தாள். மிதப்பு விசையை முப்பது வருஷம் பிள்ளைகளுக்குக் கரும்பலகையில் படம் போட்டு நடத்தியவள் நான். தொட்டிக்குள் எத்தனை எடை குறைந்தாலும், விளிம்பைத் தாண்டும்போது தண்ணீர் கூட வராது, முழு எடையும் திரும்ப வந்துவிடும். கடைசி பெஞ்சுப் பிள்ளைக்கும் இது தெரியும்.

"சரிதாம்மா. சார் சொல்றது கரெக்ட்" என்றேன். என் சர்வீஸில் தெரிந்தே தப்பாகச் சொல்லிக் கொடுத்த பாடம் அது ஒன்றுதான்.

அவர் என் கைப்பையை வாங்கித் தன் தோளில் மாட்டிக்கொண்டார். காவ்யா பயந்துகொண்டே குழாயைத் திருப்பினாள்.

முதலில் தோள் பக்கம் வெதுவெதுப்பாக வந்தது. பிறகு முதுகு. பிறகு மெதுவாகக் குதிகால். புடவை உப்பிக்கொண்டு மேலே வந்தது. அமுக்கினேன், வேறு பக்கம் உப்பியது. விட்டுவிட்டேன். தண்ணீர் முட்டியைத் தாண்டியபோது, அத்தனை மாதமாக விடாமல் இருந்த வலி கொஞ்சம் இறங்கிக் கொடுத்தது. காதுவரை ஏறியதும் புல்லாங்குழல் சத்தம் மங்கிவிட்டது. கண்ணை மூடிக்கொண்டேன். எனக்கு அவ்வளவு சந்தோஷமாக இருந்தது. அதை வேறு எப்படிச் சொல்வது என்று தெரியவில்லை.

கண்ணைத் திறந்தபோது அந்த இளம் ஜோடி எட்டிப் பார்த்துக்கொண்டிருந்தது. "டெமோ நடக்குது" என்றார் இவர். அவர்கள் தலையாட்டிவிட்டு மரியாதையாக நகர்ந்தார்கள்.

பக்கத்தில் காட்சிக்கு ஒரு வெஸ்டர்ன் டாய்லெட் வைத்திருந்தார்கள். அதன் மூடியை இறக்கி, ஆஸ்பத்திரியில் கட்டிலோரம் உட்கார்கிற மாதிரி, என் கைப்பையை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்தார்.

"எப்டி இருக்குது?"

"வெதுவெதுன்னு இருக்குதுங்க."

"எடை கொறஞ்சிதா?"

"இன்னும் இல்ல."

"கொறையட்டும். அவசரமில்ல."

எவ்வளவு நேரம் என்று தெரியாது. விரல் நுனியெல்லாம் சுருங்கிவிட்டது. போதும் என்று நான்தான் சொன்னேன். அவர் எழுந்து அடைப்பைத் திறந்தார். தண்ணீர் வடிந்தது. பிறகு அந்தப் பிளாஸ்டிக் முக்காலியை எடுத்துத் தொட்டிக்குள் என் முதுகுக்குப் பின்னால் வைத்தார். அவர் ஒரு பக்கம், காவ்யா ஒரு பக்கம் பிடிக்க, முக்காலியில் உட்கார்ந்தேன். அங்கிருந்து விளிம்பு. விளிம்பிலிருந்து காலைத் தூக்கி வெளியே. இரண்டு நிமிஷ வேலை.

இந்த முக்காலி எங்கே கிடந்தது என்று ஞாபகம் இருக்கிறதா? மூன்று முறை சுற்றியபோது மூன்று முறையும் அதைக் காலால் ஒதுக்கிவிட்டுத்தான் நடந்தார், என் ஃபோர்மேன்.

புடவையைப் பிழிந்துகொண்டு தொட்டியைப் பார்த்தேன். உள்ளே ஒரு முடி ஒட்டியிருந்தது, கொஞ்சம் சாயமும் இறங்கியிருந்தது. எனக்குப் பொறுக்கவில்லை. குனிந்து, ஈரத் தலைப்பால் துடைக்க ஆரம்பித்தேன்.

காவ்யா என் கையைப் பிடித்துக்கொண்டாள். "பேடா ஆன்ட்டி, வேணாம். நீங்க ஏன் கழுவறீங்க? சுத்தமாத்தான் இருக்கு."

எனக்கு அப்போது என் அம்மா நினைவு வந்துவிட்டது. அந்தப் பெண்ணின் தோளில் சாய்ந்து அழுதுவிட்டேன். அவள் சட்டையெல்லாம் ஈரம். அவளுக்கு ஒன்றும் புரியவில்லை, "நோவுதா ஆன்ட்டி?" என்று கேட்டுக்கொண்டே இருந்தாள். இவர் திரும்பி நின்று, ஏற்கனவே தட்டிப் பார்த்த ஒரு குழாயை மறுபடியும் தட்டிக்கொண்டிருந்தார்.

பந்தயம் பந்தயம்தான். தொட்டி வாங்கவில்லை. பிடித்துக்கொள்ளக் கம்பி, உட்கார்ந்து குளிக்க ஷவர், அந்தத் தொட்டித் தலைமாட்டில் இருந்த அதே குழாய், இவற்றை எழுதிக் கொடுத்தோம். முக்காலியையும் கேட்டார். அது விற்கிறதல்ல, கடைப்பையன்கள் ஏறி நின்று பல்பு மாட்டுகிற முக்காலி என்றாள் காவ்யா.

வெளியே சுளீரென்று வெயில். ஆட்டோக்காரர் என்னை மேலும் கீழும் பார்த்துவிட்டு, சீட்டில் பேப்பர் விரித்தார். "எங்கம்மா மழ?" என்றார். "உள்ள நல்ல மழ" என்றார் இவர்.

பிரேசர் டவுன் வந்ததும் ஆட்டோவை நிறுத்தச் சொல்லி இறங்கிப் போனார். நான் ஈரப் புடவையோடு காத்திருந்தேன். திரும்பி வந்தபோது கையில் ஒரு பொட்டலம். முட்டிக்கு நல்லதாம்.

வீட்டுக்குள் நுழையும்போதே அருணின் போன். ஸ்பீக்கரில் போட்டார்.

"என்னப்பா வாங்கினீங்க?"

"நல்லி."

"எந்த நல்லி?"

"ரெண்டும்."

அவன் சிரித்தான். பிறகு குரலைத் தாழ்த்திக்கொண்டு, நான் கேட்கக் கூடாது என்று நினைத்தானோ என்னவோ, "டப்பு?" என்றான்.

"வாங்கல."

"ஐயோ. அம்மா ரொம்ப ஆசப்பட்டாங்களேப்பா. பாவம்."

இவர் என்னைப் பார்த்தார். என் புடவையிலிருந்து இன்னும் தண்ணீர் சொட்டிக்கொண்டிருந்தது.

"பாவமெல்லாம் ஒண்ணுமில்லடா" என்றார். "உங்கம்மா குளிச்சிட்டா."